தெருவில் பொங்கல் விழா நடத்தப் போகிறீர்களா? இடம் கேட்பது முதல் கணக்கு முடிப்பது வரை

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் தெருப் பொங்கல் விழா என்றால் காலையில் கோலப் போட்டி, பகலில் சிறுவர் ஓட்டமும் உறியடியும், மாலையில் ஒரு மேடை, பரிசாக எவர்சில்வர் பாத்திரம். ஆட்கள் கிடைத்துவிடுவார்கள், பணமும் எப்படியோ சேர்ந்துவிடும். பெரும்பாலான விழாக்கள் முடங்குவது காகிதத்தில்தான். மைக் செட் வந்து இறங்கிய பிறகு "அனுமதிக் கடிதம் எங்கே?" என்று கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. இடத்துக்கான கடிதத்தை முதலில் வாங்கிவிட்டால் மற்ற அலுவலகங்களில் பாதி வேலை முடிந்த மாதிரி. கீழே சொல்லியிருக்கும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. டிசம்பர் முதல் வாரம்: நாளையும் பொறுப்பாளர்களையும் முடிவு செய்யுங்கள்

பொங்கலையொட்டி அரசு அலுவலகங்களுக்குத் தொடர்ந்து சில நாள் விடுமுறை. அதற்கு முந்தைய வாரத்தில் பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள். ஜல்லிக்கட்டு நடக்கும் மாவட்டங்களில் போலீஸாருக்குப் பந்தோபஸ்துப் பணி வேறு. அதனால் எல்லா மனுவும் டிசம்பர் 25-க்குள் உள்ளே போயிருக்க வேண்டும், எல்லா அனுமதியும் ஜனவரி 7-க்குள் கைக்கு வந்திருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாள் என்பதில் ஒரு யோசனை. மாலை நிகழ்ச்சியை மாட்டுப் பொங்கலன்று வையுங்கள். அன்று திருவள்ளுவர் தினம், டாஸ்மாக் கடைகளுக்கு விடுமுறை. கூட்டத்தில் குடித்துவிட்டு வந்து தகராறு செய்பவர்கள் குறைவாக இருப்பார்கள். காவல் நிலையத்திலும் இதை நல்ல காரணமாக எடுத்துக்கொள்வார்கள். காணும் பொங்கலன்று தெருவில் பாதி வீடு அணைக்கட்டுக்கோ கோயிலுக்கோ கிளம்பியிருக்கும்.

பொறுப்பாளர்கள் ஐந்து பேர் போதும். எல்லா மனுவிலும் அந்த ஐந்து பேரின் பெயர், முகவரி, கைபேசி எண், ஆதார் நகல் ஒரே மாதிரி இருக்கட்டும். அந்தந்த அலுவலகத்துக்குப் போகிறவர் பெயரில் மனு எழுதினால் பிறகு யாரைக் கூப்பிடுவது என்று அவர்களுக்கே குழப்பம் வரும். மன்றமாகப் பதிவு செய்தால்தான் நடத்த முடியும் என்றில்லை. ஆண்டுதோறும் நடத்தும் எண்ணம் இருந்தால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்துகொள்ளலாம். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க அது உதவும்.

2. இடம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெருதான். காகிதத்தில் அப்படி இல்லை. உள்தெரு நகராட்சிக்குச் சொந்தம். அதே தெரு போய்ச் சேரும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். கோயில் முன்திடல் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் செயல் அலுவலரிடம் கேட்க வேண்டும். பள்ளி மைதானம் என்றால் தலைமை ஆசிரியரின் வாய்ச்சொல் போதாது, கல்வித் துறையின் அனுமதி எழுத்தில் வேண்டும். காலி மனை என்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதமும் சொத்து வரி ரசீது நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். காய்ந்து கிடக்கும் குளம், ஏரிப் பகுதிப் பக்கமே போக வேண்டாம். நீர்நிலை என்று சொல்லி அங்கேயே மனுவை நிறுத்திவிடுவார்கள்.

நகராட்சித் தெருவோ மைதானமோ என்றால் ஆணையர் பெயருக்கு மனு. அதோடு இணைக்க வேண்டியவை:

- பொறுப்பாளர்கள் ஐவரின் ஆதார் நகல்
- இடத்தின் கை வரைபடம்: தெருவின் நீள அகலம், மேடை, பந்தல், ஜெனரேட்டர், வண்டி நிறுத்தம், ஆம்புலன்ஸ் போகும் வழி
- தெருவின் இரு பக்க வீட்டாரின் கையெழுத்துப் பட்டியல்

மூன்றாவதை யாரும் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆனால் அதைவிட வலுவான காகிதம் இல்லை. "எங்களைக் கேட்காமல் தெருவை அடைத்துவிட்டார்கள்" என்று ஒரே ஒரு வீட்டிலிருந்து புகார் போனாலும் அனுமதி ஆட்டம் காணும். கையெழுத்து வாங்கப் போகும்போதே படுக்கையில் இருக்கும் பெரியவர், கைக்குழந்தை, அன்றைக்கே விசேஷம் வைத்திருக்கும் வீடு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை அந்த வாசலுக்கு நேராக வைக்காமல் இருக்க இது உதவும். தெருவின் ஒரு முனையில் இருப்பவர்களை மட்டும் கேட்டுவிட்டு மறுமுனையை விட்டுவிடாதீர்கள். ஊர் மனத்தாங்கல்கள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன.

நகராட்சியில் இரண்டு தொகை கேட்பார்கள்: வாடகை, திருப்பித் தரும் முன்பணம். இரண்டுக்கும் தனித்தனி ரசீது வாங்குங்கள். ஒரே ரசீதாகப் போட்டால் முன்பணம் திரும்பி வருவது கடினம்.

3. காவல் நிலைய மனு

நகராட்சிக் கடிதம் கையில் இல்லாமல் போனால் "முதலில் இடத்துக்கு வாங்கிட்டு வாங்க" என்பார்கள். நகராட்சியில் தாமதமானால், அங்கே கொடுத்த மனுவின் ஒப்புகை நகலையாவது இணையுங்கள்.

காவல் ஆய்வாளருக்கு எழுதும் மனுவில் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், எதிர்பார்க்கும் கூட்டம், நிகழ்ச்சி நிரல், மைக் செட் உரிமையாளர் பெயர், ஒழுங்கு பார்க்கும் தன்னார்வலர்களின் எண்ணிக்கை இவ்வளவும் இருக்கட்டும். "சுமார் 300 பேர்" என்று உண்மையை எழுதுங்கள். 50 என்று எழுதிவிட்டு 500 பேர் வந்தால், மனுவில் பொய் சொன்னதாகத்தான் முடியும்.

நிகழ்ச்சி நிரலில் "கலை நிகழ்ச்சிகள்" என்று பொதுவாக எழுதுவதுதான் பலரும் செய்யும் தவறு. அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஆடல் பாடல் நிகழ்ச்சியோ என்ற சந்தேகம் வரும். ஆடல் பாடலுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு, மனு மேலதிகாரி வரை போகும். "பள்ளி மாணவர் நடனம் 6, பறையாட்டம் 1, சிலம்பம் 1, பட்டிமன்றம் 1" என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். சிலம்பத்தில் தீப்பந்தம் சுற்றுவார்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். கட்சி, சாதித் தலைவர் படங்கள், பாடல்கள், முழக்கங்கள் இருக்காது என்று ஒரு வரி சேர்த்தால் வேலை விரைவாக நடக்கும். அந்த வரியைக் கடைசிவரை காப்பாற்றவும் வேண்டும்.

மனு இரண்டு நகல். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் நிலைய முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இது இல்லாவிட்டால் மனு கொடுத்ததற்கே சாட்சி கிடையாது. அடுத்த சில நாட்களில் தனிப்பிரிவுக் காவலர் (உளவுத் தகவல் சேகரிப்பவர்) வந்து விசாரிக்கலாம்: பணம் யார் தருகிறார்கள், பின்னால் யார் இருக்கிறார்கள், போன வருடம் ஏதாவது பிரச்சினை உண்டா. பதற ஒன்றுமில்லை. பொறுப்பாளர்களில் ஒருவரே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னால் போதும்.

காளை, ரேக்ளா, மாட்டுவண்டிப் பந்தயம் எதையும் இந்த மனுவில் சேர்க்காதீர்கள். அவற்றுக்கு வேறு சட்டம், வேறு நடைமுறை. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்தால் தேர்தல் அலுவலரிடமும் கேட்டுவிடுங்கள். அந்தக் காலத்தில் பரிசுப் பொருள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாலும், 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருந்தாலும் பில்லும் ஆவணமும் கூடவே இருக்க வேண்டும்.

4. மைக் செட்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, எழுத்துமூல அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் அறவே கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பொது இட ஒலிபெருக்கியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 10 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. ஆக உங்கள் தெருவுக்குப் பகல் உச்சவரம்பு 65. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். உங்கள் தெரு அந்த வட்டத்துக்குள் வந்தால் இடத்தை மாற்றுவதே நல்லது.

விழாக்காலத்தில் நள்ளிரவு வரை அனுமதி உண்டு என்று சிலர் சொல்வார்கள். அது மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் தரக்கூடிய தளர்வு. அதை நம்பி நிரல் போடாதீர்கள். 9.30-க்குப் பரிசளிப்பு முடிந்து, 9.45-க்கு நன்றியுரை, 10-க்கு ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்க வேண்டும். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தால் நடுவில் இரண்டு நடனத்தைக் குறையுங்கள், முடிவு நேரத்தை நீட்டாதீர்கள்.

மைக் செட்காரரிடம் பாக்ஸ் ஸ்பீக்கர் மட்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லுங்கள். கூம்புக் குழாய் கட்டியிருந்தால் போலீஸ் முதலில் அதைத்தான் இறக்கச் சொல்லும்.

5. மின்சாரம்

இதில்தான் உயிர் போகும் ஆபத்து. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கம்பத்திலிருந்து கொக்கி போடுவது மின்சாரத் திருட்டு. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 135-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. "எங்க வீட்டுல இருந்து ஒரு லைன் எடுத்துக்கோங்க" என்று யாராவது நல்ல மனத்தோடு சொல்வார்கள். வீட்டு இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் 126-ஆம் பிரிவின் கீழ் உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு அந்த வீட்டுக்காரர் தலையில் விழும். ஆகவே இரண்டே வழி: மின்வாரியத்தின் தற்காலிக இணைப்பு, அல்லது ஜெனரேட்டர்.

தற்காலிக இணைப்புக்குப் பகுதி அலுவலகத்தில் உதவி மின் பொறியாளரைப் பாருங்கள். இடக் கடிதம், ஆதார், எத்தனை கிலோவாட், எத்தனை நாள் என்ற விவரம் வேண்டும். பயன்பாட்டுக்கான தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். குறைந்தது 15 நாளுக்கு முன் விண்ணப்பியுங்கள்.

சுமையை இப்படிக் கணக்கிடலாம். 100 வாட் எல்.இ.டி. ஃபோகஸ் 10 என்றால் 1 கிலோவாட். ஒலி அமைப்பு 2 கிலோவாட். சீரியல் செட்டும் தெரு விளக்கும் 1. மொத்தம் 4, கைக்காவலாக 5 என்று வையுங்கள். ஜெனரேட்டரின் திறனை கே.வி.ஏ. கணக்கில் சொல்வார்கள், அதை 0.8-ஆல் பெருக்கினால் கிலோவாட் வரும். 7.5 கே.வி.ஏ. என்றால் 6 கிலோவாட், இந்த விழாவுக்குப் போதும். பெரிய ஜெனரேட்டரைத் தலையில் கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வாடகையில் டீசலும் ஆளும் அடக்கமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மின்சாரம் எடுக்கும் இடத்திலேயே 30 மில்லி ஆம்பியர் கசிவுக் காப்பு பிரேக்கர் (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி) இருக்க வேண்டும். மைக் செட்காரர் "எங்ககிட்ட ஃபியூஸ் இருக்கு" என்பார். ஃபியூஸ் மனிதனைக் காப்பாற்றாது, ஒயரைத்தான் காப்பாற்றும். கோலப் போட்டிக்காக விடியற்காலையில் தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்திருப்பார்கள். முந்தின நாள் இரவே இழுத்து, நடுவில் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒயர் அந்த ஈரத்தில் கிடக்கும். வெறுங்காலோடு குனிந்து புள்ளி வைக்கும் பெண்கள் பக்கத்தில் இருப்பார்கள். அதனால் ஒயர் எதுவும் தரையில் ஓடக் கூடாது. தலைக்கு மேல் கட்டுங்கள், இணைப்பு வேண்டிய இடத்தில் பெட்டி வையுங்கள். கோலப் போட்டி முடிந்து தரை காயும்வரை மெயினைப் போடவே வேண்டாம், அதற்கு பேட்டரியில் ஓடும் கையடக்க மைக் போதும்.

மின்கம்பத்திலும் அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியிலும் தோரணம், சீரியல் செட், உறியடிக் கயிறு எதையும் கட்டக் கூடாது. கரும்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பச்சைக் கரும்பில் மின்சாரம் பாயும்.

6. பந்தல்

மின்கம்பிக்கு நேர் கீழே பந்தல் போடக் கூடாது. கூரை 3 மீட்டருக்குக் குறையாமல், எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வழி. அடுப்பு, ஜெனரேட்டர் இரண்டும் பந்தலுக்கு வெளியே. பருத்தித் துணியைவிட விலை குறைவு என்று சிந்தெடிக் துணி கட்டுவார்கள். தீப்பிடித்தால் உருகித் தலையில் சொட்டும், சம்மதிக்காதீர்கள். தார்ச் சாலையில் குழி தோண்டாமல், மணல் நிரப்பிய டிரம்மில் கால் நடச் சொல்லுங்கள். குழி விழுந்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு மனு கொடுத்து, நிலைய அலுவலரை வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மேடையருகே இரண்டு தீயணைப்பான், நான்கு வாளி மணல்.

7. சாப்பாடு

இலவசமாகக் கொடுப்பதற்கு எதற்குப் பதிவு என்று தோன்றும். உணவுப் பாதுகாப்பு விதிகள் மத, சமூகக் கூட்டங்களில் உணவு வழங்குபவரையும் பதிவு வரம்புக்குள்தான் வைத்திருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்யக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். புகைப்படம், அடையாள அட்டை போதும். சமையல் ஒப்பந்தக்காரர் வைத்துச் செய்தால் அவருடைய உரிம நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைப் பொங்கலுக்கு 1 கிலோ பச்சரிசி, கால் கிலோ பாசிப்பருப்பு, ஒன்றே முக்கால் முதல் 2 கிலோ வெல்லம். தொன்னைக்கு 100 கிராம் வைத்தால் ஏறக்குறைய 50 பேருக்கு வரும். 300 பேருக்கு 6 கிலோ அரிசி. குடிநீர் ஆளுக்கு ஒரு லிட்டர் என்று 20 லிட்டர் கேன் 15. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைப் பொதுச் சமையலுக்கு வைக்கக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர் எடுங்கள்.

பேப்பர் கப்பில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் உண்டு. தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் கொடித் தோரணமும் அதே பட்டியலில். மந்தாரை இலைத் தொன்னை, எவர்சில்வர் டம்ளர், காகிதத் தோரணம் என்று முதலிலேயே திட்டமிடுங்கள்.

8. பேனர், நோட்டீஸ்

சாலையோரம் டிஜிட்டல் பேனர் வைக்க முன் அனுமதி வேண்டும், அனுமதி எண்ணைப் பேனரிலேயே அச்சிட வேண்டும். தெரு விழாவுக்கு அந்தச் செலவும் அலைச்சலும் தேவையில்லை. வீட்டுக்கு வீடு நோட்டீஸ், மேடைக்குப் பின்னால் ஒரு துணித் திரை போதும். யார் படம் பெரிது என்ற சண்டையும் மிச்சம்.

9. போட்டிகள்

கோலத்துக்கு ஆளுக்கு 4 அடிக்கு 4 அடிக் கட்டம், நடுவே ஒன்றரை அடி இடைவெளி. 30 பேர் என்றால் ஒரே வரிசையில் 165 அடி, தெருவின் இரு பக்கமும் பிரித்தால் 83 அடி. 20 அடித் தெருவில் இரு பக்கமும் 4 அடி எடுத்தாலும் நடுவில் 12 அடி மிஞ்சும், ஆம்புலன்ஸ் போகும். 16 அடித் தெரு என்றால் ஒரு பக்கம் மட்டும்தான். கட்டங்களை முந்தின இரவே சுண்ணாம்பில் போட்டு எண் எழுதுங்கள். பெயரை வைத்து மதிப்பெண் போடக் கூடாது, எண்ணை வைத்துத்தான். நடுவர் மூவரும் வேறு வார்டைச் சேர்ந்தவர்களாக இருக்கட்டும். அச்சு, சல்லடை கூடாது என்பதைப் பெயர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். நேரம் ஒன்றரை மணி. வெயில் ஏறும் முன் 8 மணிக்குள் முடிய வேண்டும்.

உறியடிக்குக் கண் கட்டியவரைச் சுற்றி 20 அடிக்குக் கயிறு கட்டுங்கள். குழந்தைகள் கயிற்றுக்குள் நுழைந்துவிடுவார்கள், அதற்கென்றே இரண்டு பேர் நிற்க வேண்டும். மண்பானைச் சில்லைப் பொறுக்கிய பிறகுதான் சாக்கு ஓட்டம்.

வழுக்கு மரம் வைப்பது என்றால் 24 அடி மரத்தில் 4 அடி மண்ணுக்குள் இருக்க வேண்டும், சுற்றிலும் தளர்வான ஆற்று மணல் ஒரு அடிக்குக் கொட்ட வேண்டும். தார் அல்லது சிமெண்ட் தெருவில் இதற்கு வழியில்லை, விட்டுவிடுங்கள்.

முதலுதவிப் பெட்டியும், 108-ஐ அழைக்க வேண்டிய ஒருவரின் பெயரும் முன்கூட்டியே முடிவாகியிருக்கட்டும்.

10. வசூல்

எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் இல்லாமல் ஒரு ரூபாய் வாங்காதீர்கள். எத்தனை புத்தகம், எந்த எண் முதல் எந்த எண் வரை யாரிடம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கடைத்தெருவில் வற்புறுத்தி வாங்கினால் ஒரு புகாரில் மொத்த அனுமதியும் போகும். யாருடைய சொந்த ஜிபே எண்ணிலும் வாங்காமல் இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திடும் வங்கிக் கணக்கில் வாங்குங்கள். மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை மறுநாள் வேலைக்கென்று தொடாமல் ஒதுக்குங்கள்.

11. மறுநாள்

பந்தல் காலையிலேயே இறங்கட்டும். கோலப்பொடி மழைநீர் வடிகாலில் போகாமல் கூட்டி அள்ளுங்கள். தூய்மைப் பணியாளர்களுக்கு அது வேலை நாள்தான், ஆனால் உங்கள் குப்பையை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரித்து மூட்டையாகக் கொடுங்கள். சுத்தம் செய்த தெருவைத் தேதியோடு படம் எடுத்து, முன்பண ரசீது நகலோடு முதல் வேலை நாளிலேயே நகராட்சியில் கொடுங்கள். தற்காலிக மின் இணைப்பைத் துண்டிக்க எழுதிக் கொடுத்து, மீதித் தொகையைக் கேளுங்கள். வரவு செலவுப் பட்டியலை ஒரு வாரத்துக்குள் தெருமுனைப் பலகையில் ஒட்டுங்கள். எல்லா அனுமதிக் கடிதங்களையும் ஒரே கோப்பில் போட்டு வைத்தால், அடுத்த டிசம்பரில் தேதியை மட்டும் மாற்றி எழுதிக் கொடுக்கலாம்.